சொன்ன வாயே திருத்திச் சொல்ல வேண்டும்

குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகாமலே பல ஆண்டுகளை ஓட்டியவன் நான். கோயிலை விட்டு விலகியவன் என்று யாரும் என்னைச் சொல்லியிருக்க முடியாது. ஞாயிறு திருப்பலி தவறாது. தவக்காலத்தில் சிலுவைப்பாதை, வீட்டில் செபமாலை, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி என்று எல்லாம் முறைப்படி நடந்தன. பாவசங்கீர்த்தனம் என்னும் ஒப்புரவு அருட்சாதனம் ஒன்றை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். "ஆண்டவரிடம் நேராகவே சொல்லிக்கொள்கிறேனே, நடுவில் ஒரு மனிதர் எதற்கு?" என்று மனைவியிடம் வாதாடுவேன். அவளுக்கு அந்த வாதம் பிடிக்காது, ஆனாலும் வற்புறுத்த மாட்டாள்.

இதே நிலையில் இருக்கும் கத்தோலிக்கர் பலரை எனக்குத் தெரியும். விசுவாசம் இருக்கிறது, கோயிலும் இருக்கிறது, அந்த ஒரு கதவு மட்டும் சாத்தியே கிடக்கிறது. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆண்டவரிடம் நேராகச் சொல்வதில் தவறே இல்லை. ஒவ்வொரு இரவும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் என் விஷயத்தில் குற்றவாளியும் நானே, வக்கீலும் நானே, நீதிபதியும் நானே. எந்த வழக்கிலும் தீர்ப்பு எனக்கு எதிராக வந்ததில்லை. "ஆண்டவரே, என் குறைகளையெல்லாம் மன்னியும்" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் படுத்துவிடுவேன். அந்தக் குறைகள் எவை என்று ஒருநாளாவது பிரித்துப் பார்த்ததுண்டா என்றால், இல்லை. உயிர்த்த இயேசு சீடர்கள்மேல் ஊதி, பாவங்களை மன்னிக்கவும் மன்னிக்காதிருக்கவும் அதிகாரம் கொடுத்தார் (யோவான் 20:22-23). எதை மன்னிப்பது என்று தெரிய வேண்டுமானால், ஒருவர் சொல்ல வேண்டும், இன்னொருவர் கேட்க வேண்டும். இந்த எளிய விஷயம் எனக்கு உறைக்க வெகுகாலம் பிடித்தது.

உறைத்தது ஒரு தவக்காலத்தில். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று யோவேல் இறைவாக்கினரின் நூலிலிருந்து, உடைகளை அல்ல, இதயத்தைக் கிழித்துக்கொண்டு ஆண்டவரிடம் திரும்பி வாருங்கள் என்ற வாசகம் வரும். எத்தனையோ முறை கேட்ட வாசகம்தான். அந்த ஆண்டு மறையுரையில் பங்குத்தந்தை ஒரு கேள்வி கேட்டார்: "இந்தத் தவக்காலத்தில் எதை விடலாம் என்று யோசிக்கும் முன், யாருடைய முகத்தைப் பார்க்க உங்களுக்குக் கூசுகிறது என்று யோசியுங்கள்." நெற்றியில் சாம்பலோடு திரும்பி வந்து உட்கார்ந்தபோது, என் மனதில் ஒரே ஒரு முகம் வந்தது. தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

தன் பாவங்களை நினைத்துப் பார்க்கும் ஆன்ம சோதனை செய்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கேள்வியைத்தான். பத்துக் கட்டளைகளை வரிசையாக வைத்துப் பார்ப்பது நல்ல பழைய முறை, அதை விட வேண்டாம். ஆனால் என்னைப் போன்றவர்கள் அந்தப் பட்டியலில் சுலபமாகத் தப்பிவிடுவோம். கொலை செய்யவில்லை, திருடவில்லை, விபசாரம் செய்யவில்லை என்று வேகமாக இறங்கி வந்து, "கொஞ்சம் கோபம், கொஞ்சம் சோம்பல்" என்று முடித்துவிடுவோம். கட்டளைகளோடு மனிதர்களையும் வைத்துப் பாருங்கள். யாரைக் கண்டால் ஒதுங்கிப் போகிறேன்? யாருடைய பெயர் எழுந்தால் பேச்சை மாற்றுகிறேன்? யாரிடமிருந்து அழைப்பு வந்தால் எடுக்கத் தயங்குகிறேன்? பாவம் பெரும்பாலும் அந்த இடங்களில்தான் படுத்திருக்கும்.

இன்னொன்று. பாவத்தைத் தேடுவதில் தொடங்காதீர்கள். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் கற்றுத்தந்த ஆன்ம சோதனையில் முதல் படி, கடவுளிடமிருந்து பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வது. இரண்டாவது, பாவங்களை அறிய அருள் கேட்பது. அதற்குப் பிறகுதான் அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, திருந்தத் தீர்மானிப்பது. இந்த வரிசையை மாற்றினால் ஆன்ம சோதனை தன்னையே அடித்துக்கொள்வதாகிவிடும். நன்றியில் தொடங்கினால், நாம் யாருக்கு விரோதமாகப் பாவம் செய்தோம் என்பது தெரியும். மனஸ்தாபம், அதாவது பாவத்துக்காக மனம் வருந்துவது, கடவுளின் அந்த அன்பைக் கண்டு வருவது.

இனி அந்த முகத்தைப் பற்றி. என்னோடு வேலை பார்த்தவர், என்னைவிடச் சற்று மூத்தவர். ஒரு சமயம் அலுவலகக் கணக்கில் ஒரு தொகை இடித்தது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. பேச்சு வந்தபோது, "அவர்தான் கை வைத்திருப்பார், எனக்குத் தெரியும்" என்றேன். எனக்கு எதுவும் தெரியாது. அவருக்குக் கிடைக்கவிருந்த பொறுப்பின்மேல் எனக்கு ஆசை இருந்தது, அது மட்டும்தான் உண்மை. ஒருவரிடம் சொன்னேன், பிறகு இன்னொருவரிடம், பிறகு இன்னும் சிலரிடம். அந்தப் பொறுப்பு அவருக்குப் போகவில்லை, எனக்கு வந்தது. அவர் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டார். "பிறருக்கு எதிராகப் பொய்ச் சான்று சொல்லாதே" என்ற எட்டாம் கட்டளையை என் பிள்ளைகளுக்கு நானே மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன்.

தவக்காலத்தின் ஒரு சனிக்கிழமை மாலை கோயிலுக்குப் போனேன். நான் முழந்தாளிட்ட பக்கம் தட்டி இருந்தது, அதன் மறுபுறம் ஃபாதர். கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து பல ஆண்டுகள் ஆயின என்றேன். "வந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி" என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் பயத்தில் பாதி போயிற்று. சின்னச் சின்னப் பாவங்களை முதலில் சொல்லிவிட்டு, கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் தவறாகப் பேசிவிட்டேன், ஃபாதர்" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "நீங்கள் பேசியது உண்மையா?"

"இல்லை, ஃபாதர்."

"பொய் என்று தெரிந்தே சொன்னீர்களா?"

"உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி சொன்னேன்."

"எதற்காக?"

அதற்குப் பதில் சொல்ல எனக்கு வெகு நேரமாயிற்று. சொன்னேன். "கொஞ்சம் தவறாக" என்று நான் சுற்றிக் கொண்டுவந்த துணி அங்கே அவிழ்ந்துவிட்டது. கனமான பாவங்களை அவற்றின் வகையும் எண்ணிக்கையும் தெரிய அறிக்கையிட வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 988 சொல்கிறது. முன்பு எனக்கு அது ஏதோ கணக்குப் பிள்ளையின் விதியாகத் தோன்றும். அன்றுதான் அதிலுள்ள இரக்கம் புரிந்தது. பெயர் வைக்காத பாவம் நம்மை விட்டுப் போவதில்லை. "பொறாமையால் ஒருவர்மேல் பலரிடம் அவதூறு சொன்னேன், அதனால் அவர் வாழ்வு கெட்டது" என்று என் வாயாலேயே சொன்ன பிறகு, மூடி மறைக்க எதுவும் மிச்சமில்லை.

என் அனுபவத்தில் இதுதான் மிகவும் பயன்பட்ட பாடம்: சொல்லக் கூச்சமான பாவத்தை முதலில் சொல்லிவிடுங்கள். கடைசிக்கு வைத்தால் அது சுருங்கிப்போகும், சில சமயம் வராமலே போய்விடும். சோதிக்கிறவன் ரகசியத்தை விரும்புவான், வெளிச்சத்துக்கு வந்ததும் அவன் பிடி தளரும் என்று இஞ்ஞாசியாரும் எச்சரித்திருக்கிறார். காரணங்களையும் சொல்லாதீர்கள். "அவர் அப்படிப் பேசியதால்தான் நான் இப்படி" என்று தொடங்கினால் அது பிறருடைய பாவசங்கீர்த்தனமாகிவிடும்.

அபராதமாக, அதாவது பாவத்துக்குப் பரிகாரமாக, ஃபாதர் 51ஆம் சங்கீதத்தை நிதானமாக வாசித்துச் செபிக்கச் சொன்னார். கூடவே, "யார் யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடம் போய் அது உண்மையில்லை என்று சொல்ல வேண்டும். சொன்ன வாயே திருத்திச் சொல்ல வேண்டும்" என்றார். சரி என்றேன், குரல் நடுங்கியது. அதைக் கவனித்திருப்பார் போலும். "மன்னிப்பைச் சம்பாதிக்கப் போவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மன்னிக்கப்பட்டவராகப் போகிறீர்கள்" என்றார். பிறகு தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் பாவமன்னிப்பு வழங்கினார்.

வெளியே வந்ததும் கண்ணீர் வரும், மனம் லேசாகும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. சங்கீதத்தை வாசித்தேன், வறட்சியாகவே இருந்தது. மன்னிப்புக் கிடைக்கவில்லையோ என்று இரண்டு மூன்று நாள் குழம்பினேன். இதே குழப்பத்தைப் பலர் என்னிடம் பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள், அதனால் சற்று விரித்தே சொல்கிறேன். மனஸ்தாபம் உணர்ச்சியில் தெரியலாம், தெரியாமலும் போகலாம். அது விருப்பத்தின் செயல்: செய்த பாவத்தை வெறுப்பது, இனிச் செய்வதில்லை என்று தீர்மானிப்பது. கடவுளை எல்லாவற்றுக்கும் மேலாக நேசிப்பதால் வருவது உத்தம மனஸ்தாபம். பாவத்தின் அருவருப்பையும் தண்டனையையும் நினைத்து வருவது அதைவிடக் குறைந்தது, ஆனாலும் அதுவும் தூய ஆவியாரின் கொடைதான், இந்த அருட்சாதனத்தில் மன்னிப்பைப் பெற அது போதும் என்று திரெந்து பொதுச்சங்கம் 1551இலேயே கற்பித்திருக்கிறது. என் கண்ணீரின் அளவைப் பொறுத்து கடவுள் மன்னிப்பதாக இருந்தால் நம்மில் எத்தனை பேர் தேறுவோம்?

திருத்திச் சொல்லும் வேலை பாவசங்கீர்த்தனத்தைவிடக் கடினமாக இருந்தது. முதலில் போனது என் நெருங்கிய நண்பரிடம். "அன்றைக்கு அவரைப் பற்றி நான் சொன்னது பொய். எனக்கு எதுவும் தெரியாது. பொறாமையில் சொன்னேன்" என்றேன். "அதெல்லாம் எப்பவோ முடிஞ்ச கதை, இப்ப எதுக்கு?" என்றார். சிரித்துப் பேசி வேறு விஷயத்துக்குப் போகப் பார்த்தார். நானும் அதோடு விட்டிருப்பேன். ஆனாலும் இன்னொரு முறை அழுத்திச் சொன்னேன்: "இனி அவர் பெயர் வந்தால், அவர் நல்லவர் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்." இன்னொருவர் சொன்னது என்னை உலுக்கியது: "நான் அதை நம்பி, அவரை வேலைக்குக் கேட்டு வந்த ஒருத்தர்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேனே." நான் அறிந்த ஆட்களோடு என் பொய் நின்றுவிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த நபரிடம் பேசும்படி அவரையே கேட்டுக்கொண்டேன், பேசினார்.

பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கும், ஆனால் பாவத்தால் விளைந்த கேடுகளையெல்லாம் அது சரிசெய்துவிடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு (எண் 1459) சொல்கிறது. திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுத்த பெயரைச் சீர்ப்படுத்த வேண்டும். எண் 2487 இன்னும் தெளிவு: நீதிக்கும் உண்மைக்கும் எதிராகச் செய்த தவறுக்கு, மன்னிப்புப் பெற்ற பிறகும் ஈடுசெய்யும் கடமை இருக்கிறது. வெளிப்படையாக முடியாவிட்டால் மறைவிலாவது செய்ய வேண்டும். சக்கேயுவின் கதையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருந்தும், அதில் எது முதலில் நடக்கிறது என்று நான் கவனித்ததில்லை. இயேசு முதலில் அவர் வீட்டுக்குப் போகிறார். ஊரே முணுமுணுக்கிறது. அதன் பிறகே சக்கேயு எழுந்து நின்று, உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொல்கிறார் (லூக்கா 19:8). அன்பு வீட்டுக்குள் வந்துவிட்டதால் கை தானாகத் திறக்கிறது.

இதில் கவனமாக இருக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. நான் செய்தது அவதூறு, அதாவது பொய். பொய்யை "பொய்" என்று சொல்லித் திரும்பப் பெறலாம். ஒருவரின் உண்மையான குறையைத் தேவையில்லாமல் பரப்புவது புறங்கூறல். அதை "நான் சொன்னது பொய்" என்று சொல்லித் திருத்தப் போனால் இன்னொரு பொய் சொன்னதாகும். அங்கே அவருடைய நல்ல குணங்களை எடுத்துச் சொல்வது, அந்தப் பேச்சு மேலும் பரவாமல் தடுப்பது, அவருக்காகச் செபிப்பது என்று வேறு வழிகளில்தான் ஈடு செய்ய வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு விஷயமே தெரியாது என்றால், "உங்களைப் பற்றி இப்படிச் சொன்னேன்" என்று அவரிடமே போய்க் கொட்டுவது சில வேளைகளில் நம் பாரத்தை இறக்கி அவர் தலையில் வைப்பதாக முடியும். அவசரப்பட்டு ஓடாமல், பாவசங்கீர்த்தனம் கேட்ட குருவிடமே கேட்டுச் செய்யுங்கள்.

என் விஷயத்தில் பாதிக்கப்பட்டவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஃபாதரிடம் மறுபடி ஆலோசனை கேட்டுவிட்டு, அவரைத் தேடிப் போனேன். உள்ளே கூப்பிட்டார், உட்காரச் சொன்னார். நான் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும், "சரி, கேட்டாச்சு. போய்ட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான். தழுவிக்கொள்ளவில்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. அவர் மன்னிக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. அவருக்கு அந்த நேரத்தைக் கொடுப்பதும் நான் செய்ய வேண்டிய பரிகாரத்தில் ஒரு பங்குதான் என்று இப்போது நினைக்கிறேன். அவர் பெயரைச் சொல்லித் தினமும் செபிக்கிறேன். எனக்கு வந்த பொறுப்பை மேலதிகாரியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு விட்டுக்கொடுத்தேன்.

அதற்குப் பிறகு என் நாக்கு புனிதமாகிவிட்டது என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். பழக்கம் அத்தனை சீக்கிரம் போகாது. உத்தம மனஸ்தாப மந்திரத்தில் இனிப் பாவம் செய்வதில்லை என்று பிரதிக்கினை செய்கிறோம். அந்தப் பிரதிக்கினை காற்றில் நிற்காது, அதற்குத் தரை வேண்டும். எனக்கு அந்தத் தரை, மதிய இடைவேளையில் கூடும் ஒரு சின்னக் கூட்டத்தை விடுவதாக இருந்தது. அங்கே உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் யாராவது ஒருவர் பெயர் நார்நாராகக் கிழியும். அதில் நல்ல மனிதர்களும் இருந்தார்கள், அவர்களைத் தனித்தனியே பார்த்துப் பேசுகிறேன். கூட்டமாக உட்காருவதில்லை. உங்கள் பாவம் வேறாக இருக்கலாம். குடியோ, கைபேசியில் பார்க்கும் அசுத்தமோ, கடன் வாங்கித் திருப்பாததோ, எதுவானாலும் அதற்கென்று ஒரு நேரமும் இடமும் துணையும் இருக்கும். பாவத்தோடு மல்லுக்கட்டுவதைவிட அந்தச் சந்தர்ப்பத்தை அகற்றுவது எளிது. அடிமைத்தனமாக மாறிவிட்ட பழக்கம் என்றால் மருத்துவ உதவியும் தேடுங்கள், அது விசுவாசக் குறைவு ஆகாது.

மீண்டும் விழுந்தால் மீண்டும் போக வேண்டும். ஒரே குருவிடம் போவது நல்லது. அவருக்கு நம் நோயின் வரலாறு தெரியும். "மறுபடியும் அதேதானா" என்று நினைப்பாரோ என்ற கூச்சத்தில் ஒவ்வொரு முறையும் ஆள் தெரியாத இடம் தேடுகிறவர்கள் உண்டு. நானும் அதை யோசித்தேன், நல்லவேளை செய்யவில்லை. 2013 மார்ச் 17 அன்று, திருத்தந்தை பிரான்சிஸ் தம் முதல் மூவேளைச் செப உரையில், கடவுள் மன்னிப்பதில் சோர்ந்துபோவதில்லை, மன்னிப்புக் கேட்பதில் நாம்தான் சோர்ந்துபோகிறோம் என்றார். சோர்வு வரும் நாட்களில் இதை நினைத்துக்கொண்டுதான் வரிசையில் நிற்கிறேன்.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. மன்னிக்கப்பட்ட பாவத்தையே திரும்பத் திரும்பத் தோண்டிக்கொண்டிருப்பது. இஞ்ஞாசியாரே 1522இல் ஸ்பெயினின் மான்ரேசாவில் இந்த மனச்சஞ்சலத்தில் சிக்கித் தவித்தவர். பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்த பிறகுதான் அதிலிருந்து விடுபட்டார். நல்ல மனதோடு சொல்லி மன்னிப்புப் பெற்ற பாவத்தைக் குரு மறுபடி சொல்ல வேண்டாம் என்றால், கீழ்ப்படிந்து விட்டுவிடுங்கள்.

பல ஆண்டுகள் போகாதவர்களுக்குச் சில நடைமுறை வார்த்தைகள். திருப்பலிக்கு முன் வரிசையில் அவசரமாக நிற்பதைவிட, பங்குத்தந்தையையோ வேறொரு குருவையோ கேட்டுத் தனியாக நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். மந்திரங்கள் மறந்துபோயிருந்தால் கவலை வேண்டாம், "மறந்துவிட்டது, ஃபாதர்" என்றால் அவரே சொல்லித்தருவார். நேருக்கு நேர் உட்கார்ந்தும் சொல்லலாம், தட்டிக்குப் பின்னாலிருந்தும் சொல்லலாம். தட்டி வேண்டுமென்றால் கேட்பது உங்கள் உரிமை. நீங்கள் சொல்வதை அவர் எந்தக் காரணத்துக்காகவும் யாரிடமும் சொல்ல முடியாது. அந்த ரகசிய முத்திரையை நேரடியாக உடைக்கும் குரு, அச்செயலாலேயே திருச்சபையின் உறவிலிருந்து விலக்கப்படுகிறார். நினைவுக்கு வராத பாவங்களை நினைத்துப் பயப்படாதீர்கள். வேண்டுமென்றே மறைக்காதவரை, மறந்துபோனவையும் மன்னிக்கப்படுகின்றன. கனமான ஒன்று பிறகு நினைவுக்கு வந்தால் அடுத்த முறை சொன்னால் போதும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், "கடைசியாக எப்போது வந்தேன் என்றே நினைவில்லை, உதவி செய்யுங்கள், ஃபாதர்" என்று சொல்லிவிட்டு, அவர் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள்.